நீண்ட ஆங்கிலச் சொல்லை அசை பிரித்து அழுத்தம் போடுவது எப்படி? தோட்டப்புற மாணவர்களுக்கான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ உட்காரும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடநூலில் பதினைந்து எழுத்துச் சொல் ஒன்று வந்துவிட்டால் நாக்கு நின்றுவிடுகிறது. முதல் பாதியைச் சொல்லி, நடுவை விழுங்கி, கடைசியை ஊகித்து ஒப்பேற்றுகிறார்கள். ஐந்தாம் படிவத்தில் பேச்சுத் தேர்வுக்குப் போகும்போதும், பிறகு நேர்காணலுக்குப் போகும்போதும் அதே பழக்கம் கூடவே வருகிறது. பென்சிலை எடுத்து உட்கார்ந்தால் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடத்தில் தீர்கிற வேலை இது. யாரும் வரிசையாகச் சொல்லித் தராததால்தான் பூதமாகத் தெரிகிறது.

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு இருக்கும். முதன்மை அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி இருக்கும். அகராதிகள் பயன்படுத்தும் அதே குறிதான். இப்போதே கண்ணுக்குப் பழகட்டும். தமிழ் எழுத்து, எத்தனை அசை, எங்கே அழுத்தம் என்ற இரண்டை மட்டும்தான் காட்டும். சரியான ஒலியைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், ஒரு தடித்த ரப்பர் பேண்ட். கடையில் எல்லாம் சேர்த்துச் சில வெள்ளிதான். நான்காவதாக, ஒலி கேட்கக்கூடிய அகராதி. கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைத் தட்டினால் பிரிட்டிஷ் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் தனித்தனியாகக் கேட்கும். அச்சிட்ட பெரிய அகராதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அது பள்ளி நூலகத்தில் இருக்கும், ஆனால் பேசாது.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: சொல், ஒட்டு (சொல்லின் துண்டுகள் சேரும் இடம்), அசை எண்ணிக்கை, அழுத்தம். பாடப்புத்தக ஓரத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். தமிழில் எழுதினால் ஆங்கில p-யும் b-யும் ஒரே ‘ப’தான். எழுதி வைத்ததைப் படிக்கப் படிக்கத் தவறு கெட்டிப்பட்டுவிடும்.

2. அசை என்றால் எது? யாப்பு அசை வேறு

தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் இங்கேதான் முதலில் தடுக்குவார்கள். யாப்பில் ‘மலர்’ என்பது ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது ம-லர், இரண்டு அசை. நேர், நிரை கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். மலாய் வகுப்பில் படித்த ‘சுக்கு காத்தா’தான் நமக்கு வேண்டியது. மா-கான் இரண்டு, செ-கோ-லா மூன்று என்று முதலாம் ஆண்டில் கை தட்டி எண்ணினீர்களே, அதேதான்.

விதி ஒன்றே ஒன்று: ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. எழுத்தை எண்ணக் கூடாது, ஒலியை எண்ண வேண்டும். ‘ரேடியோ’வுக்கு ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, மூன்று அசை. ‘ஸ்ட்ரெங்த்’துக்கு எட்டு எழுத்து, ஒரே அசை.

3. முதலில் ஒட்டைக் கண்டுபிடியுங்கள்

அவசரமாக அசை எண்ண ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். கூட்டுச்சொல் என்பது இரண்டு மூன்று சொற்கள் ஒட்டியது. ஒட்டு எங்கே என்று தெரியாமல் எண்ணினால் எண்ணிக்கையும் தப்பும், ஒலியும் தப்பும்.

ரப்பர் பாலை உறையவைத்த தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடத்தின் பெயரையே பாருங்கள்: ‘ஸ்மோக்ஹவுஸ்’. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதுவார்கள். கே-க்குப் பிறகு ஒரு ஈ நிற்கும், அதற்குப் பிறகு ஹெச். ஒட்டைப் பார்க்காதவர் அந்த ஈ-யையும் வாசித்து ‘ஸ்மோ-கெ-ஹவுஸ்’ என்று மூன்று அசை ஆக்கிவிடுவார். அந்த ஈ முதல் சொல்லின் வாலில் இருக்கும் ஊமை எழுத்து. ஒட்டில் ஒரு கோடு போட்டவுடன் ஸ்மோக் / ஹவுஸ் என்று இரண்டே அசை தெரிகிறது.

இன்னொரு கண்ணி, டி-யும் ஹெச்-சும் ஒட்டில் சந்திக்கும் சொற்கள். ‘லைட்ஹவுஸ்’ என்பதில் இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் அது ‘த்’ ஒலி ஆகாது. டி ஒரு வீட்டுக்காரர், ஹெச் அடுத்த வீட்டுக்காரர். ‘லூப்ஹோல்’ என்பதில் பி-யும் ஹெச்-சும் சேர்ந்து ‘ஃப்’ ஆகாததும் இதனால்தான்.

ஒட்டைத் தேடும் வரிசை:

முதலில் வாலைப் பாருங்கள். ‘ஷன்’, ‘மென்ட்’, ‘இட்டி’, ‘நெஸ்’, ‘இங்’ போன்ற பின்னொட்டு இருந்தால் வெட்டுங்கள். அடுத்து தலையைப் பாருங்கள். ‘அன்’, ‘மிஸ்’, ‘ஓவர்’, ‘அண்டர்’, ‘ஹைட்ரோ’, ‘எலெக்ட்ரோ’ இருந்தால் வெட்டுங்கள். மிஞ்சிய உடலில் தெரிந்த சொல் ஏதாவது முழுதாக நிற்கிறதா என்று பாருங்கள். நோட்டின் இரண்டாம் பத்தியில் இந்தத் துண்டுகளைச் சாய்கோடு போட்டு எழுதுங்கள். முதல் வாரம் ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மூன்றாம் வாரத்தில் கண்ணே வெட்டிவிடும்.

4. ஒவ்வொரு துண்டிலும் உயிரொலியை எண்ணுங்கள்

முகவாய்க்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். தாடை ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் ஓர் அசை. ‘வீட்-கி-லர்’ என்ற களைக்கொல்லிக்கு மூன்று. ‘மோ-டர்-சை-கிள்’ நான்கு. கடைசி ‘கிள்’ போன்ற அசையில் தாடை சரியாக அசையாது, மேசையைத் தட்டி எண்ணுங்கள்.

நம்மவர்களுக்கு எண்ணிக்கை கூடிப்போகும், குறைவது அபூர்வம். அதற்கு மூன்று காரணம்.

முதலாவது, மெய்களுக்கு நடுவே நாம் நுழைக்கும் உயிர். தமிழ்ச் சொல் ‘ஸ்ட்’ போன்ற மெய்க்கூட்டத்தில் தொடங்காது. அதனால் ‘ஸ்கூல்’ என்பது ‘இஸ்கூலு’ ஆகிவிடுகிறது. ஓர் அசைச் சொல்லுக்கு மூன்று அசை! ‘ஃபில்ம்’ ஓர் அசை, நம் வாயில் ‘ஃபிலிம்’ என்று இரண்டு. முன்னால் ‘இ’ வருகிறதா, பின்னால் ‘உ’ வருகிறதா என்று ஒவ்வொரு சொல்லிலும் சோதியுங்கள்.

இரண்டாவது, ஈ-டி என்ற இறந்தகால வால். இது t ஒலிக்கும் d ஒலிக்கும் பின்னால் வரும்போது மட்டும்தான் தனி அசை. ‘பிளான்-டெட்’ இரண்டு, ‘ஹார்-வெஸ்-டெட்’ மூன்று. ஆனால் மரம் சீவியதைச் சொல்லும் ‘டேப்ட்’ ஓர் அசைதான். ‘டேப்-பெட்’ என்று சொல்லாதீர்கள். ‘வொர்க்ட்’டும் அப்படியே.

மூன்றாவது, எழுத்தில் இருந்து வாயில் இல்லாத உயிர். ‘வெஜ்-ட-பிள்’ மூன்று அசை. ‘கம்ஃப்-ட-பிள்’ மூன்று. ‘பிஸ்-னஸ்’ இரண்டு. ‘சாக்-லட்’ இரண்டு. இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது, சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தை இவற்றுக்கென்று ஒதுக்குங்கள்.

வெட்டு சரியாக எந்த எழுத்துக்கு நடுவே விழ வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அகராதிகளே இதில் ஒன்றுக்கொன்று வேறுபடும். எண்ணிக்கையும் அழுத்தமும் சரியாக இருந்தால் கேட்பவருக்குப் புரியும்.

5. அழுத்தம், முதல் கட்டம்: கூட்டுச்சொல்

தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது. மலாயிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மாறும், அல்லது கேட்பவர் வேறொரு சொல் என்று நினைத்துவிடுவார். ஆகவே இதை அலங்காரமாக நினைக்காதீர்கள். எழுத்துக்கூட்டலைப் போல இதுவும் சொல்லின் ஒரு பகுதி.

இரண்டு சொல் ஒட்டிப் பெயர்ச்சொல் ஆனால் அழுத்தம் பெரும்பாலும் முதல் துண்டில் விழும்: ˈஸ்மோக்-ஹவுஸ், ˈவீட்-கி-லர், ˈவீல்-பா-ரோ, ˈஸ்மால்-ஹோல்-டர். அழுத்தம் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோடி: ˈகிரீன்-ஹவுஸ் என்றால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். கிரீன் ˈஹவுஸ் என்றால் பச்சைச் சாயம் அடித்த வீடு.

சேர்த்து எழுதாத கூட்டுச்சொற்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். பால்மரம் சீவுபவர் ˈரப்பர் டேப்பர், அழுத்தம் முன்னால். ஆனால் ரப்பர் ˈபேண்ட், அழுத்தம் பின்னால். முதல் சொல் ‘எதனால் செய்தது’ என்று சொன்னால் அழுத்தம் பின்னால் போவது வழக்கம். ‘எதற்கு, யாருடைய வேலை’ என்று சொன்னால் முன்னால் நிற்பது வழக்கம். வழக்கம்தான், சட்டம் அல்ல. சந்தேகம் வந்தால் அகராதி.

கூட்டு உரிச்சொற்களில் பெரும்பாலும் இரண்டாம் துண்டு: ஓல்டு-ˈஃபே-ஷன்ட். ‘ஓவர்’, ‘அண்டர்’ முன்னால் வரும் வினைச்சொற்களிலும் பின்னால்தான்: அண்-டர்-ˈஸ்டேண்ட். இதையே நீட்டினாலும் அழுத்தம் நகராது: மிஸ்-அண்-டர்-ˈஸ்டேண்-டிங், ஐந்து அசை.

தினமும் வாயில் புழங்கும் இரண்டு சொல்: ‘பெர்மிட்’, ‘எக்ஸ்போர்ட்’. பெயராக வந்தால் ˈபெர்-மிட், வினையாக வந்தால் பெர்-ˈமிட். ‘எக்ஸ்போர்ட்’டும் அப்படியே.

6. அழுத்தம், இரண்டாம் கட்டம்: வால் சொல்வதைக் கேளுங்கள்

நீண்ட சொற்களில் எண்பது விதியை மனப்பாடம் செய்வதைவிட வால்களைப் பழகுவது நல்லது. மூன்று வகை வால் உண்டு.

இழுக்கும் வால்: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’, ‘லஜி’, ‘கிரஃபி’, ‘ஷியன்’. இவை அழுத்தத்தைத் தமக்கு நேர் முன்னால் உள்ள அசைக்கு இழுத்துக்கொள்ளும். ‘இட்டி’, ‘லஜி’, ‘கிரஃபி’ வகையில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிளான்-ˈடே-ஷன். க-மியூ-னி-ˈகே-ஷன். யூ-னி-ˈவர்-சி-ட்டி. டெக்-ˈநா-ல-ஜி. ரி-ஸ்பான்-சி-ˈபி-லி-ட்டி, ஆறு அசை. விதிவிலக்குகளில் எல்லாரும் தடுக்குவது ˈடெ-லி-வி-ஷன், ˈபா-லி-டிக்ஸ்.

நகர்த்தாத வால்: ‘நெஸ்’, ‘மென்ட்’, ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘லி’, ‘இங்’, ‘ஹுட்’. வேர்ச்சொல்லில் அழுத்தம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். டி-ˈவெ-லப் என்பது டி-ˈவெ-லப்-மென்ட் ஆகும். ‘ˈடெவலப்மென்ட்’ என்று முதலில் அழுத்துவது நம் பக்கம் எங்கும் கேட்கும் தவறு.

தானே வாங்கிக்கொள்ளும் வால்: ‘இயர்’, ‘ஈஸ்’, இரட்டை ஈ. என்-ஜி-ˈநியர். ‘ˈஇஞ்சினியர்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். வா-லன்-ˈடியர், ஜா-ப-ˈனீஸ், டிரெய்-ˈனீ. ‘க-ˈமி-ட்டி’ விலக்கு.

ஒரே வேரில் வால் மாற மாற அழுத்தம் நடப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ˈஃபோ-ட-கிராஃப், ஃப-ˈடா-கிர-ஃபர், ஃபோ-ட-ˈகிரா-ஃபிக். தோட்டப்புறத்துக்கு வேண்டிய சோடி: ˈஆக்-ரி-கல்-ச்சர், ஆனால் ஆக்-ரி-ˈகல்-ச்ச-ரல்.

மலாய்ச் சொற்களின் நிழல் இங்கே பலமாக விழும். ‘எக்கோநோமி’, ‘தெக்னோலோகி’ என்று எல்லா அசையையும் சமமாக மிதித்துப் பழகிய வாய் ஆங்கிலத்திலும் அப்படியே மிதிக்கிறது. ஆங்கிலத்தில் அவை இ-ˈகா-ந-மி, டெக்-ˈநா-ல-ஜி. நோட்டில் இத்தகைய இரட்டைப் பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஹோஸ்பிட்டல், கொம்பியூட்டர், போலீஸ், யூனிவர்சிட்டி.

7. மற்ற அசைகளைத் தளர விடுங்கள்

ஓர் அசையை அழுத்துவது பாதி வேலை. மற்றவற்றைத் தளர விடுவது மீதிப் பாதி, இதுதான் நமக்குக் கடினம். தமிழில் எழுத்துக்கு எழுத்து முழு மதிப்பு கொடுத்துப் படிப்பது நல்ல வாசிப்பு. ஆங்கிலத்தில் அப்படிப் படித்தால் எந்த அசை தலை, எந்த அசை உடல் என்று கேட்பவருக்குத் தெரியாது.

தளர்ந்த உயிரொலி உங்களுக்குத் தெரியாத ஒலி இல்லை. மலாயில் ‘எ பெப்பெட்’ என்று படித்தீர்கள்: செகோலாவின் முதல் அசையில் வரும் அந்த மங்கலான ஒலி, எமாஸில் வரும் அதே ஒலி. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசைகளில் மிகுதியாக வருவது அதுதான். ஏ, ஈ, ஓ என்று எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் ஒலி அதுவாகவே தேயலாம். தமிழிலும் ‘காசு’ என்னும்போது கடைசி உகரம் முழு உகரமாக வருவதில்லை. குற்றியலுகரம் குறைந்து ஒலிப்பதுபோல ஆங்கிலத்தில் பல உயிர்கள் குறைந்து ஒலிக்கின்றன.

‘சர்ட்டிஃபிகேட்’ என்று பெரியவர்கள் சொல்லும் சொல், ச-ˈடி-ஃபி-கட். நான்கு அசை, அழுத்தம் இரண்டாவதில். கடைசி ‘கேட்’ நீளாது, எ பெப்பெட்டில் தேய்ந்து ‘கட்’ போல நிற்கும். நேர்காணலில் கட்டாயம் வாயில் வரும் சொல் என்பதால் இதை முதல் நாளே பழகுங்கள்.

ரப்பர் பேண்டுக்கு வேலை இங்கேதான். இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். அழுத்தம் விழும் அசையில் மட்டும் அகல இழுங்கள், மற்ற அசைகளில் தளர விடுங்கள். அழுத்தம் என்பது கத்துவது அல்ல. அந்த அசை கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் ஏறும், உயிரொலி தெளிவாக நிற்கும். கை இழுக்கும்போது குரல் தானாக நீளும்.

8. அகராதியில் சரிபாருங்கள்

நீங்களே பிரித்து, அழுத்தம் போட்ட பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும். முன்னாலேயே பார்த்தால் மனத்தில் நிற்காது.

சில அகராதிகளில் தலைச்சொல் நடுவே புள்ளிகள் இருக்கும். அவை வரி முடிவில் சொல்லை எங்கே முறித்து எழுதலாம் என்பதைக் காட்டுபவை, எப்போதும் ஒலி அசையோடு பொருந்தா. சாய்கோடுகளுக்கு நடுவே உள்ள உச்சரிப்பைப் பாருங்கள். மேலே நிற்கும் ˈ முதன்மை அழுத்தம், கீழே நிற்கும் ˌ துணை அழுத்தம். குறி அசைக்கு முன்னால் வரும். குறிக்கு முன்னால் உள்ள அசையை அழுத்தினால் எல்லாம் தலைகீழ். சில அமெரிக்க அகராதிகள் குறியை அசைக்குப் பின்னால் போடும் என்பதால் ஒரே அகராதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்க அழுத்தம் மாறும் சொற்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தைப் பிரிட்டிஷார் ல-ˈபா-ர-ட்ரி என்பர், அமெரிக்கர் ˈலாப்-ர-டோ-ரி என்பர். இரண்டும் சரி. ஆனால் ஒரே பேச்சில் இரண்டையும் கலக்காதீர்கள்.

9. வாலிலிருந்து கட்டுங்கள்

பிரித்தாயிற்று; இனி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் நடுவில் மூச்சு முட்டும். கடைசியிலிருந்து ஓர் அசை ஓர் அசையாகச் சேருங்கள்.

பேராக் ஆற்றில் தெமெங்கோர் அணை செய்யும் வேலைக்குப் பெயர்: ஹைட்ரோ / எலெக்ட்ரிசிட்டி. ஒட்டு ஒன்று, அசை ஏழு, வால் ‘இட்டி’, அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவதில்.

ட்டி.
சி-ட்டி.
ˈட்ரி-சி-ட்டி.
லெக்-ˈட்ரி-சி-ட்டி.
இ-லெக்-ˈட்ரி-சி-ட்டி.
ட்ரோ-இ-லெக்-ˈட்ரி-சி-ட்டி.
ஹை-ட்ரோ-இ-லெக்-ˈட்ரி-சி-ட்டி.

ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை. அழுத்தம் ‘ட்ரி’யை விட்டு நகரவே கூடாது. ‘ஹை’யில் துணை அழுத்தம் இலேசாக விழும்.

இது கைவந்தால், பிள்ளைகள் பந்தயம் கட்டும் அந்த நாற்பத்தைந்து எழுத்து நுரையீரல் நோய்ப் பெயரும் வரும். நியூ-மோ-னோ / அல்-ட்ரா / மை-க்ர-ஸ்கா-பிக் / சி-லி-கோ / வால்-கே-னோ / கோ-னி-ˈயோ-சிஸ். மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, மூன்று, நான்கு. மொத்தம் 19 அசை. வால் ‘ஓசிஸ்’. அந்த வால் வந்தால் அழுத்தம் அதன் ‘ஓ’வில். கிளினிக்கில் காசநோய்க்குச் சொல்லும் டி-யூ-பர்-கி-யு என்று இழுக்கப்படும் சொல்லும் டியு-பர்-கியு-ˈலோ-சிஸ், ஐந்தே அசைதான்.

10. கால அட்டவணை

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். நாளுக்கு ஐந்து சொல், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 150 சொல். ஒரு நாளைக்கு 25 நிமிடம் போதும். சனிக்கிழமை புதுச் சொல் எடுக்காதீர்கள். அந்த வாரத்துச் சொற்களைக் கைப்பேசியில் பதிவு செய்து அகராதி ஒலியோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் ஐம்பது சொல் எடுத்தால் எண்ணிக்கை நினைவிருக்கும், அழுத்தம் பறந்துவிடும்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வு இருவர் இருவராக, மூன்று பகுதியாக, ஏறத்தாழ 13 நிமிடம் நடக்கும். இரண்டாம் பகுதியில் தனியாகப் பேச வேண்டும். நீண்ட சொற்கள் அங்கேதான் வரும். அடையாள அட்டையையும் தேர்வுப் பதிவுத் தாளையும் முதல் நாள் இரவே பைக்குள் வையுங்கள். தோட்டத்துக்குள் இருந்து வரும் பஸ் தவறினால் காலையில் எதையும் தேட நேரம் இருக்காது.

பேசும்போது சொல் திக்கினால் முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்காதீர்கள். ஒட்டில் நில்லுங்கள். ‘ஹைட்ரோ’ என்று சொல்லி அரை நொடி மூச்சு வாங்கி, ‘எலெக்ட்ரிசிட்டி’யைத் தொடருங்கள். ஒட்டில் விடும் இடைவெளி யாருக்கும் உறுத்தாது. ‘ஹைட்ரோஎலெக்’ என்று துண்டுக்கு நடுவே நின்றால்தான் தடுமாற்றம் வெளியே தெரியும்.